சண்டையில்லாத கப்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்த்துவருகிறேன். பொறுமை போய்விட்டது. விண்கப்பலில் எல்லோரும் நல்லவர்கள், யாருக்கும் யார்மீதும் மனத்தாங்கல் கிடையாது. வருங்காலத்தில் மனிதன் திருந்திவிடுவான் என்று தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி நம்பியது அவர் விருப்பம். அதை மற்ற எழுத்தாளர்கள் தலையில் சட்டமாகக் கட்டியது நியாயமா? நீங்கள் என்றால் அங்கே எழுதியிருப்பீர்களா?

ச., கோவை

அன்புள்ள ச.,

மாட்டேன். ஒரு மாதம் தாங்கியிருந்தால் அதிகம். 1960களின் பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ காலத்திலிருந்தே ராடன்பெரியோடு இருந்த எழுத்தாளர்கள் டி.சி. ஃபான்டனாவும் டேவிட் ஜெரால்டும்கூட முதல் சீசனிலேயே விலகிவிட்டார்கள்.

வெண்பாவுக்கும் விதி உண்டே என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெண்பாவுக்கு விதி வகுத்தவர் மாடியறையில் உட்கார்ந்து நம் பாட்டைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை.

இருந்தாலும் ஒரு கதை சொல்கிறேன். 1989இல், மூன்றாவது சீசனில், மைக்கேல் பில்லர் எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். யார் வேண்டுமானாலும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். வெளியிலிருந்து வந்த கதைகளில் ஒன்று ரொனால்ட் டி. மூருடையது. அவருடைய கதையில், என்றோ முடிந்துபோன ஒரு போரின் கண்ணிவெடியில் சிக்கி, கப்பலின் அதிகாரி ஒருத்தி சாகிறாள். தந்தையை ஏற்கெனவே இழந்த பன்னிரண்டு வயதுப் பையன் தனியாகிறான்.

ராடன்பெரி மறுத்தார். 24ஆம் நூற்றாண்டுக் குழந்தை சாவை வாழ்வின் பகுதியாக ஏற்றுக்கொண்டிருக்கும், அழாது என்றார். தாய் செத்த வீட்டில் அழாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

பில்லர் அந்த விதியையே கதையாக்கினார். சரி, பையன் அழவில்லை. அறையில் அமர்ந்து அம்மாவின் பழைய வீடியோக்களைப் பார்க்கிறான். அப்போது அந்தக் கிரகத்து உயிரொன்று அம்மாவின் உருவில் வருகிறது. பூமியில் அவர்கள் வாழ்ந்த வீட்டையும் பூனையையும்கூட அப்படியே உண்டாக்கிக் காட்டுகிறது. துக்கமே இல்லாத வாழ்க்கையை அது தருகிறேன் என்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லவைப்பதற்குள் கேப்டன் பிக்கார்டுக்குப் போதும் போதுமென்றாகிவிடுகிறது. அம்மாவை அந்தக் கிரகத்துக்கு அழைத்துப்போன அதிகாரி வோர்ஃப்மீது பையனுக்கிருந்த கோபம் கடைசியில்தான் வெளியே வருகிறது. ராடன்பெரி மறுக்காமல் விட்டிருந்தால் முதல் காட்சியிலேயே அழுது தீர்த்திருப்பான், நாமும் மறந்திருப்போம்.

இதற்காக ராடன்பெரிக்கு நன்றி சொல்லவேண்டுமா என்றால், எனக்குத் தயக்கம்தான். அதே விதி முதல் இரண்டு சீசன்களிலும் இருந்தது, பில்லர் இல்லை. பலன் நீங்கள் பார்த்ததுதான்.

1991இல் ராடன்பெரி இறந்தார். 1993இல் பில்லரும் தயாரிப்பாளர் ரிக் பெர்மனும் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரைத் தொடங்கியபோதும் அந்த விதியைத் தூக்கியெறியவில்லை. கப்பல்காரர்களின் ஸ்டார்ஃப்ளீட் படையில் சேராத கடைக்காரனையும், விடுதலைக்குப் போராடிய பெண்ணையும் விண்வெளி நிலையத்தில் குடிவைத்தார்கள். விதி ஸ்டார்ஃப்ளீட்காரர்களுக்குத்தானே? மற்றவர்கள் தாராளமாகச் சண்டை போட்டார்கள்.

நீங்கள் நேராக, அந்தப் பையனின் கதை வரும் மூன்றாவது சீசனின் ஐந்தாவது அத்தியாயத்துக்குப் போங்கள். விட்டுப்போனதையெல்லாம் பார்த்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.