டேட்டாபேஸ் உரிமையாளரின் லாகினை நீக்குவது எப்படி?

கேள்வி: வேலையை விட்டுப்போன ஒருவரின் எஸ்.க்யூ.எல். சர்வர் (டேட்டாபேஸ் மென்பொருள்) லாகினை நீக்கப் போனால் 15174 என்ற பிழை வருகிறது. அவர் உருவாக்கிய டேட்டாபேஸையும் அழித்தாக வேண்டுமா?
– வாசகி, மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: ஐயோ, அழித்துவிடாதீர்கள்! டேட்டாபேஸை உருவாக்கியவரின் பெயரிலேயே உரிமை பதிவாகிவிடும். அதை மாற்றாதவரை சர்வர் அந்த லாகினை நீக்க விடாது.

மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் (சர்வரை நிர்வகிக்கும் கருவி) ஒவ்வொரு டேட்டாபேஸின் மீதும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், ஃபைல்ஸ் பக்கத்தில் ‘ஓனர்’ கட்டத்தைப் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் ‘எஸ்ஏ’ (sa, சர்வரின் தலைமை நிர்வாகி லாகின்) என்று மாற்றுங்கள். எஸ்ஏ முடக்கப்பட்டிருந்தாலும் உரிமையாளராக இருக்கலாம். ஆனால் ‘டிரஸ்ட்வொர்த்தி’ (டேட்டாபேஸை சர்வர் நம்பலாம் என்னும் அமைப்பு) ஆனில் உள்ள டேட்டாபேஸை எஸ்ஏவிடம் கொடுப்பது ஆபத்து. அதில் டிபி_ஓனர் (அந்த டேட்டாபேஸில் முழு அதிகாரம்) பொறுப்பில் உள்ளவர் சர்வர் முழுவதையும் பிடித்துக்கொள்ள வழியுண்டு. அப்படிப்பட்ட டேட்டாபேஸுக்குக் குறைந்த அதிகாரமுள்ள தனி லாகினே நல்லது.

ஓனரை மாற்றும்போது 15110 என்ற பிழை வந்தால், புதிய உரிமையாளர் ஏற்கெனவே அந்த டேட்டாபேஸில் யூசராக இருக்கிறார் (லாகின் சர்வருக்குள் நுழைய, யூசர் ஒரு டேட்டாபேஸுக்குள் நுழைய). அந்த யூசரை முதலில் நீக்குங்கள். அதுவும் 15138 என்று முரண்டு பிடித்தால், அந்த யூசர் பெயரில் ஸ்கீமா (டேபிள் போன்றவற்றைத் தொகுக்கும் பிரிவு) இருக்கிறது. அதை டிபிஓவுக்கு (dbo, டேட்டாபேஸ் உரிமையாளரின் யூசர்) மாற்றுங்கள்.

பலரும் மறப்பது ஏஜென்ட் ஜாப்கள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள். வேலையை விட்டவர் பெயரில் ஜாப் இருந்தால் 15170 வரும், ஜாபின் ஓனரை மாற்றுங்கள். அவர் லாகினில் ஏதாவது அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருந்தால் 15434 வரும். அந்த இணைப்பைத் துண்டிக்கும் முன் அது எந்த அப்ளிகேஷன் என்று விசாரியுங்கள். சந்தேகமிருந்தால் லாகினைச் சில நாள் முடக்கி வைத்துவிட்டு, யாரும் கூப்பாடு போடவில்லையென்றால் நீக்குங்கள். மற்ற டேட்டாபேஸ்களில் அவருடைய யூசர் தானாகப் போகாது, தனியே நீக்க வேண்டும்.