சிறுவயதில் பிடித்த சாகசப் படத்தை இப்போது திரும்பப் பார்த்தால் பிடிக்குமா?

குடும்பத்தோடு பார்த்து ரசித்த பழைய சாகசப் படம் எதையாவது வளர்ந்த பிறகு மறுபடி பார்த்தீர்களா, ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். ஜுமாஞ்சி. 2017-இல் டுவைன் ஜான்சன் நடித்து வந்ததைச் சொல்லவில்லை, 1995-இல் ராபின் வில்லியம்ஸ் நடித்த முதல் படம். ஏமாறவில்லை. ஆனால் அழுதேன், அதுவும் யானையும் காண்டாமிருகமும் ஓடி முடித்த பிறகு வரும், சின்ன வயதில் கொட்டாவி விட்டுக்கொண்டு கடந்துபோன இடங்களில்.

எங்கள் வீட்டில் கேபிளில் வரும் ஆங்கிலச் சேனலில்தான் அதைப் பார்ப்போம். யாருக்கும் வசனம் முழுசாகப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. தாயம் மாதிரி உருட்டி விளையாடும் ஒரு பலகை, ஒவ்வொரு உருட்டலுக்கும் காட்டிலிருந்து ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துவிடும், ஆட்டத்தை முடித்தால்தான் எல்லாம் திரும்பிப் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும், படுக்கையறையில் சிங்கம், சமையலறையை நாசம் பண்ணும் குரங்குகள், நூலகச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடும் மிருகக் கூட்டம், அதில் எல்லாருக்கும் கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வரும் அந்த ஒற்றைக் காண்டாமிருகம், எல்லாவற்றையும் ரசித்துவிடலாம். அந்தக் காண்டாமிருகத்தை இப்போதும் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

இந்த முறை வசனத்தோடு பார்த்தேன். அப்போதுதான் இது ஒரு அப்பாவுக்கும் மகனுக்குமான கதை என்பதே பிடிபட்டது.

கதை 1969-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சின்ன ஊரில் தொடங்குகிறது. ஆலன் பாரிஷ் என்ற பையன், அப்பா ஊரிலேயே பெரிய ஷூ தொழிற்சாலை முதலாளி. தன் குடும்பத்தில் எல்லாரும் படித்த விடுதிப் பள்ளிக்கு உன்னையும் அனுப்பப் போகிறேன் என்று ஒரு ராத்திரி அப்பா சொல்கிறார், சண்டை வருகிறது, இனி உங்களோடு பேசவே மாட்டேன் என்று பையன் கத்துகிறான், அப்பாவும் பதிலுக்குச் சூடாக ஒன்று சொல்லிவிட்டு அம்மாவோடு வெளியே கிளம்பிப் போய்விடுகிறார். அன்றைக்கே பையனை அந்த ஆட்டம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேறு யாராவது உருட்டி ஐந்தோ எட்டோ விழுந்தால்தான் வெளியே வர முடியும். 26 வருஷம் கழித்து அந்த வீட்டுக்குக் குடிவரும் ஜூடி, பீட்டர் என்ற இரண்டு குழந்தைகள் உருட்டும்போதுதான் விழுகிறது. தாடியும் இலைதழை உடையுமாக வெளியே வந்தவன் வீடெல்லாம் அம்மா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்து நாங்கள் அந்தக் காலத்தில் சிரித்திருக்கிறோம்.

அப்புறம் அவன் தொழிற்சாலைக்குப் போகிறான். அது பாழடைந்து கிடக்கிறது. அங்கே ஒண்டியிருக்கும் ஒருவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது, பையன் காணாமல் போன பிறகு அப்பா தொழிலைக் கவனிக்கவே இல்லை, இருந்ததையெல்லாம் தேடுவதிலேயே செலவழித்திருக்கிறார், அதனால்தான் தொழிற்சாலை போய், கூடவே ஊரும் நொடித்துப்போயிருக்கிறது. ஆனால் ஊரில் உலவும் கதை வேறு. வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்க வரும் ஆள் அந்தக் குழந்தைகளிடமே சொல்கிறான், அப்பாதான் மகனைக் கொன்று துண்டு துண்டாக்கிச் சுவருக்குள் ஒளித்துவிட்டார் என்று. மகனைத் தேடியே அழிந்துபோன ஒரு மனுஷனைப் பற்றி ஊர் இப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. சிங்கத்தைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு இடம். பீட்டர் ஆட்டத்தில் திருட்டுத்தனம் பண்ணப் பார்த்து, அதற்குத் தண்டனையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரங்காக மாறுகிறான், பயத்தில் அழுகிறான். ஆலன் அவனை அதட்டுகிறான், அழாதே, தலையை நிமிர்த்து என்று. சொன்ன அடுத்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அது தன் அப்பாவின் குரல் என்று. இத்தனை வருஷம் அடர்ந்த காட்டுக்குள் தனியாகக் கிடந்தும் கடைசியில் அப்பாவாகவே ஆகிவிட்டேனே என்கிறான். தங்கச்சி பையனிடம் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன், பிள்ளை வளர்த்தவர்கள் யாருமே பேசியிருப்பார்கள், அதனால் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் தற்செயலாக எடுக்கவில்லை. ஆட்டத்திலிருந்து வெளியே வந்து ஆலனைத் துப்பாக்கியோடு துரத்துகிறானே வேன் பெல்ட் என்ற வேட்டைக்காரன், அவனும் அப்பாவும் ஒரே நடிகர்தான், ஜொனாதன் ஹைட். டைட்டானிக்கில் கப்பல் கம்பெனியின் தலைவராக மீசையோடு வருவாரே, அவரேதான். மேடையில் பீட்டர் பான் நாடகம் போடும்போது அப்பா வேஷத்தையும் கேப்டன் ஹூக் வேஷத்தையும் ஒருவருக்கே கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு, அதே யோசனைதான் இது. கடைசியில் ஓடுவதை விட்டுவிட்டு வேட்டைக்காரன் முன்னால் ஆலன் நிற்கிறான். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயப்படும் எதையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்கிறான். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னதைச் சொல்கிறான். என்ன மாதிரியான எழுத்து!

ஆட்டம் முடிந்து திரும்ப 1969-க்கே வந்து விழுகிறான். எதையோ மறந்துவிட்டு எடுக்க வந்த அப்பாவை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். முன்பு தொழிற்சாலையில் ஆலன் வைத்த ஒரு ஷூ சிக்கி இயந்திரம் உடைந்ததற்குக் கார்ல் என்ற தொழிலாளிதான் பழியை ஏற்றிருப்பார், அந்த ஷூவை வைத்தது நான்தான் என்று இப்போது சொல்கிறான். விடுதிப் பள்ளி விஷயத்தை நாளைக்கு இரண்டு ஆண்பிள்ளைகளாகப் பேசிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்ல, அப்பாவும் பிள்ளையுமாகப் பேசலாமே என்று ஆலன் கேட்கிறான். அந்த இடத்தில்தான் அழுதேன்.

தொழில்நுட்பம் பற்றிச் சொல்ல வேண்டுமானால், குரங்குகள் இப்போது கண்ணை உறுத்துகின்றன. ஜுராசிக் பார்க் செய்த அதே ஐஎல்எம் என்ற கிராஃபிக்ஸ் கம்பெனிதான் செய்தது, டைனோசரின் தோல் இன்றும் நிற்கிறது, குரங்கின் ரோமம் நிற்கவில்லை. பரவாயில்லை. ராபின் வில்லியம்ஸ் அந்தக் குறையை மறக்கடித்துவிடுகிறார். நம்மில் பலருக்கு அவர் அவ்வை சண்முகிக்குத் தூண்டுதலான மிஸஸ் டவுட்ஃபயர் ஆள், சிரிக்க வைப்பவர். இதில் அவர் பெரும்பாலும் சிரிக்க வைக்கவே இல்லை, வளராமல் நின்றுபோன ஒரு பையனாகவே இருக்கிறார். படத்தின் சில காட்சிகளை எடுத்த கீன் என்ற ஊரில் பாரிஷ் ஷூஸ் என்று சுவரில் எழுதிய விளம்பரம் அப்படியே இருந்தது, 2014-இல் அவர் இறந்தபோது ஜனங்கள் அதன் கீழேதான் பூ வைத்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. ஆலனும் அவனோடு ஆடிய சாராவும் 26 வருஷ ஞாபகத்தோடு மறுபடி குழந்தைகளாகிறார்கள். அதிலும் சாராவுக்கு நடந்தது கொடுமை, கண்ணால் பார்த்ததைச் சொன்னதற்கு ஊரே அவளைப் பைத்தியம் என்றது. அந்த நினைவோடு ஒரு சிறுமி எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? படம் அதைக் கேட்காமலே கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தாவிவிடுகிறது. ஆனால் அந்த விருந்தில் ஜூடி, பீட்டரின் பெற்றோர் கனடாவுக்குப் பனிச்சறுக்குக்குப் போகப்போவதாகச் சொன்னதும் ஆலனும் சாராவும் ஒரே குரலில் வேண்டாம் என்று அலறுகிறார்கள் பாருங்கள், முதல் தடவை அந்தப் பெற்றோர் அங்கேதான் விபத்தில் போனார்கள். அதற்காக மன்னித்துவிட்டேன்.

பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் எட்டு வயதாவது ஆகட்டும். ஆலன் பலகைக்குள் இழுபடும் காட்சி சின்னக் குழந்தைகளுக்கு நிஜமாகவே பயம் தரும். அது வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.