பணமில்லாத கால்பந்து அணியை கோச்சின் உத்தியால் மட்டும் ஜெயிக்க வைக்க முடியுமா?

முடியும். "கடைசியில் காசுதானே ஜெயிக்கிறது" என்று கேள்வியோடு தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஏதோ ஒரு பெரிய கிளப்பின் ரசிகராக, டிவியில் மட்டும் ஆட்டம் பார்ப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் சொல்லும் உதாரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2015-16இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை ஜெயித்தது. சீசன் தொடங்கும்போது பந்தயக்காரர்கள், ஜெயித்தால் 1-க்கு 5000 தருவதாகச் சொன்ன அணி. கோச் ரனியேரி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதே பழைய 4-4-2: பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர். பந்து எதிரணியிடமே இருக்கட்டும் என்று விட்டார். நடுவில் தடுக்கும் சென்டர் பேக் ஹூத், மோர்கன் இருவருக்கும் வேகம் கிடையாது, அதனால் டிஃபென்ஸை கோலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். எதிரணி ஏறி வந்தால் பின்னால் காலி இடம் கிடைக்கும், முன்னால் நிற்கும் கோல் அடிப்பவர் வார்டி ஓடுவார். ஆர்சனலிடம் 5-2 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு இரண்டு ஓரங்களிலும் தடுப்பவர்களை மாற்றினார். கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து 4 ஆட்டங்களை 1-0 என்றே ஜெயித்தார்கள். முதலாளி தாய்லாந்துக் கோடீஸ்வரர் ஆயிற்றே என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும். மான்செஸ்டர் கிளப்புகளின் காசோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறேன். அடுத்த சீசன் முடிவதற்குள் ரனியேரியை வீட்டுக்கு அனுப்பியதும் தெரியும்.

எனக்குப் பிடித்தது மிசோரமின் ஐஸ்வால் அணி. எங்கள் ஊர் போல அதுவும் மலை ஊர். முந்தைய சீசனில் ஐ-லீக் என்ற இந்தியக் கிளப் போட்டியிலிருந்து கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட அணி, 2016-17இல் கொல்கத்தாவின் பெரிய கிளப்பான மோகன் பகானை ஒரே புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. கோச் காலித் ஜமீல் முன்பு மும்பை எஃப்சியில் இருந்தவர். ஜெயேஷ் ரானே, அசுதோஷ் மேத்தா போன்று அங்கே தன்னிடம் ஆடியவர்கள் ஐஸ்வாலிலும் இருந்தார்கள். யாருக்கு என்ன வரும், யாருக்கு எது வராது என்று கோச்சுக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். உத்தி என்றால் கரும்பலகையில் அம்பு போடுவது மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பையன்கள் அணி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். கோச் என்று சொன்னால் லைசென்ஸ் எங்கே என்பீர்கள், அதனால் 'பார்த்துக்கொள்கிறேன்'. லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுப்பவன், தேயிலை வண்டி ஓட்டுபவன். இலை எடை போட்டு ஃபேக்டரியில் இறக்கிவிட்டு அவன் வருவதற்குள் பாதி வெளிச்சம் போயிருக்கும். கிடைக்கும் நேரத்தில் பத்து விஷயம் பழக்க முடியாது. ஒன்றே ஒன்றைப் பழக்கினேன். பின்னால் நிற்கும் நான்கு பேர் இடுப்பிலும் ஒரே கயிற்றைக் கட்டி, ஆளுக்கு ஆள் எட்டடி விட்டு, பந்து போகும் பக்கம் சேர்ந்து நகரச் சொன்னேன். ஒருவன் தூங்கினால் கயிறு இழுத்து இரண்டு பேர் விழுவார்கள். முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் கயிறு இல்லாமலே அந்த இடைவெளி நின்றது.

ஒரு டோர்னமென்ட் செமி ஃபைனலில் கீழே சமவெளியிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். ஸ்பான்சர் ஜெர்சி, மலப்புரத்திலிருந்து காசு கொடுத்துக் கூட்டி வந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டக்காரர்கள் மூன்று பேர். அதில் ரைட் விங்கில் இருந்தவன் கால் பேசும். அவனிடமிருந்து பந்தைப் பிடுங்கப் போகாதீர்கள், உள்ளே திரும்ப மட்டும் விடாதீர்கள், கோட்டோரமாகவே ஓட விடுங்கள் என்று சொல்லி வைத்தேன். அந்தப் பக்கம் கோட்டைத் தாண்டினால் சரிவு, சரிவுக்குக் கீழே தேயிலை. பந்து வெளியே போனால் செடிக்குள் இறங்கித் தேடி எடுத்து வர வேண்டும். அதற்குள் எங்கள் பையன்கள் மூச்சு வாங்கி இடத்துக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு ஓட்டமே பிடிபடவில்லை. ஹாஃப் டைமுக்குப் பிறகு எல்லோரும் ஏறி வந்தார்கள்; முன்னால் நான் விட்டு வைத்திருந்த ஒரே பையனுக்கு ஒரு நீளப் பந்து. 1-0.

இதைச் சிலர் ஏமாற்று வேலை என்றார்கள். மைதானத்தின் சரிவு இரண்டு அணிக்கும் பொதுதானே, யார் கண்ணை மூடச் சொன்னது? இன்னும் சிலர், "மலைக்காரப் பையன்கள், மூச்சு ஜாஸ்தி, அதான்" என்றார்கள். எனக்கு எரிகிறது இங்கேதான். மூச்சால் ஜெயிப்பதென்றால் நீலகிரியிலிருந்து வருஷத்துக்குப் பத்துப் பேர் இந்திய அணியில் இருக்க வேண்டும். ஜெயித்தால் மலை உயரம், தோற்றால் கோச்.

ஃபைனலில் பெனால்டியில் தோற்றோம். ரன்னர்ஸ் பரிசுப் பணம் என்று மைக்கில் அறிவித்ததில் பாதிதான் கைக்கு வந்தது. மீதியைக் கேட்டால் "சீசன் முடியட்டும்ணா" என்கிறார் ஏற்பாடு செய்தவர். எந்த சீசன் என்று சொல்லவில்லை. இலை வண்டிக்காரன் அந்தப் பணத்தை நம்பித்தான் பூட்ஸ் கடன் சொல்லி வாங்கினான். கடைக்காரர் இப்போது எனக்கு போன் செய்கிறார்.