கிழட்டு ஆறு

ஐயாவுக்கு வணக்கம். மகாவலி கடலோடு சேருகிற பக்கம், மூதூரில் புவியியல் படிப்பிக்கிறேன். ஆற்றுக்கு இளமை, முதிர்ச்சி, முதுமை என்று மூன்று பருவம், மலையில் அரிக்கும், சமவெளிக்கு வந்ததும் களைத்துப்போய் மண்ணைப் படியவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். "கிழட்டு ஆறெண்டா, போன மாரிக்கு எங்கட அப்பப்பாட காணியில நாலு தென்னைய எப்பிடி டீச்சர் கொண்டுபோனது?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

ஓர் ஆசிரியை, மூதூர்

அன்புள்ள டீச்சர்,

பொடியன் பக்கம்தான் நியாயம். இந்த வயதுக் கணக்கு வில்லியம் மொரிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கருடையது. 1899இல் எழுதினார். அவர் பேசியது ஒரு நிலம் காலப்போக்கில் தேய்ந்து தணிவதைப் பற்றி. அதை ஒரே ஆற்றின் தலைக்கும் வாலுக்கும் ஒட்டவைத்தால் இப்படித்தான் வகுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

களைப்பு என்பதும் நம் கண்ணின் ஏமாற்று. 1953இல் லியோபோல்ட், மடொக் என்ற இருவர் அளவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பல ஆறுகளில் கீழே வரவரச் சராசரி வேகம் குறையவில்லை, கொஞ்சம் கூடவே செய்தது. மலையில் தண்ணீர் கல்லோடு மோதி, நுரைத்து, சத்தம் போட்டே பலத்தைத் தொலைக்கிறது. கீழே ஆழம் அதிகம், அடி வழவழப்பு. அதனால் சத்தமில்லை.

இனித் தென்னைக்கு வருவோம். ஒரு கப் பிளேன்டீயைக் கரண்டியால் கலக்கிவிட்டுப் பாருங்கள். சுழற்சியில் தூள் ஓரத்துக்கு ஒதுங்கும் என்றுதான் நினைப்போம், அது நடுவில் போய்க் குவியும். சுற்றுகிற மேல்தண்ணீர் ஓரத்தில் முட்டிக் கீழிறங்கி, அடியோடு நடுவுக்குத் திரும்புகையில் தூளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 1926இல் ஐன்ஸ்டைன் இதை வைத்துத்தான் ஆற்று வளைவை விளக்கினார். வளைவின் வெளிக்கரையில் அப்படி முட்டுகிற தண்ணீர் கரையின் அடியைக் குடைகிறது. மேலே புல் பச்சையாகத்தான் நிற்கும், கீழே மருதமர வேர் அந்தரத்தில் தொங்கும். வெள்ளம் ஏறுகையில் தண்ணீரே கரைக்கு முட்டுக்கொடுக்கிறது. அது சட்டென்று வடிந்தால், ஊறிப் பாரமேறிய மண் தாங்க ஆளில்லாமல் பாளம் பாளமாக விழும். தென்னை சரிந்தது வெள்ளத்தன்றா, வடிந்த பிறகா என்று பொடியனிடம் கேளுங்கள். வடிந்த பிறகென்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

வளைவு வளைந்து கழுத்து ஒடுங்கினால் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். கைவிடப்பட்ட வளைவு குளமாகத் தங்கும். மகாவலிக் கரையில் மன்னம்பிட்டிக்குக் கீழே வில்லு என்று சொல்கிற நீர்நிலைகளில் அந்தச் சாயலைப் பார்க்கலாம்.

பாடத்தில் நான் சேர்க்கச் சொல்வது வேறொன்று. சிங்களத்தில் 'மகா வெலி' என்றால் பெருமணல். 335 கிலோமீற்றர் கடந்து கொட்டியாரக் குடாவுக்கு வரவேண்டிய அந்த மணலில் பெரும்பங்கு இப்போது மலையிலேயே நின்றுவிடுகிறது. கொத்மலை, 1985இல் திறந்த விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைக்கு அணை தண்ணீர் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் மணல் படிகிறது. ஆக, முதுமைக்கு எழுதிவைத்த வேலை இளமையிலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருக்கிற மிச்சத்தை டிப்பர் அள்ளுகிறது. சுமை குறைந்த தண்ணீர் சும்மா போகாது, கரையைத்தான் கரண்டும்.

அப்பப்பாவின் மண் நேர் எதிர்க்கரைக்குப் போயிருக்காது. இப்படிப் போகிற மண்ணில் பருமணல் பெரும்பாலும் அடுத்த வளைவின் உட்புறத்தில், அதே கரைப் பக்கம்தான் ஒதுங்கும். காணியிலிருந்து கீழ்நோக்கி நடந்தால் புது மணல்திட்டு ஒன்று தட்டுப்படலாம். அதில் யார் கச்சான் போட்டிருக்கிறார்கள் என்பது பொடியனுக்குத் தெரிந்திருக்கும்.