ஏடிஎம்மில் அட்டை சிக்கியதும் பணம் பறிபோனது குறித்து

வணக்கம். ஏடிஎம்மில் உங்கள் தாயாரின் அட்டை சிக்கிக்கொண்டதாகவும், பின்னால் நின்றவர் ரகசிய எண்ணை மீண்டும் அழுத்தச் சொன்னதாகவும், வீடு திரும்புவதற்குள் பணம் எடுக்கப்பட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இது இயந்திரக் கோளாறாகத் தெரியவில்லை. அட்டை நுழையும் துளையில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை முன்கூட்டியே செருகிவைத்து, உள்ளே போன அட்டை வெளியே வராதபடி செய்து, உதவுபவர்போல அருகில் நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டு, உரியவர் நகர்ந்ததும் அட்டையை உருவிச் செல்லும் பழைய மோசடி இது. தவறு அவருடையதல்ல என்பதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

அட்டையை இன்னும் முடக்கவில்லையெனில், மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அதைச் செய்யுங்கள். வங்கியின் செயலியிலேயே முடக்க முடியும். தொலைபேசியில் அழைப்பதானால் கணக்குப் புத்தகத்திலோ வங்கியின் இணையதளத்திலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். இயந்திரத்தின்மேல் ஒட்டப்பட்ட எண் மோசடிக்காரர்களுடையதாகவே இருக்கக்கூடும்.

அதன்பின், இயந்திரம் இருக்கும் இடம், அட்டை சிக்கிய நேரம், பணம் எடுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில காலத்தில் அழிக்கப்பட்டுவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாத்துவைக்குமாறு அதே கடிதத்தில் கேளுங்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். தாமதம் கூடக்கூட, இழப்பை வங்கி ஏற்கும் வாய்ப்புக் குறையும்.

இனி அட்டை சிக்கினால், இயந்திரத்தை விட்டு நகராமல் அங்கிருந்தே வங்கியை அழைக்கச் சொல்லுங்கள். பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி யாரேனும் ஓடிபி கேட்டால், அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.