கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

அன்புள்ள அண்ணா,

குடியை நிறுத்தி இன்றோடு 41 நாள். மருத்துவரைப் பார்த்து, மாத்திரை எடுத்துக்கொண்டு, முறையாகத்தான் நிறுத்தினேன். என் மனைவி முப்பது நேர்மறை வாசகங்களை எழுதிக் குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருக்கிறாள். "நான் வலிமையானவன்", "நான் போதையிலிருந்து முழுமையாக விடுதலை பெற்றவன்", "என்னை நான் நேசிக்கிறேன்", இப்படி. தினமும் பல் தேய்த்ததும் சத்தமாகப் படிக்கிறேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது படிக்கப் படிக்க உள்ளே ஒருவன் சிரிக்கிறான். "யாரு, நீயா?" என்கிறான். நிறுத்தினால் அவள் மனசு கஷ்டப்படும். அதுவே மறுபடி குடிக்க முதல் படியாகிவிடுமோ என்றும் பயம். இந்த அஃபர்மேஷன் எல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா? நீங்களும் விட்டவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

41 நாள் சின்ன விஷயமில்லை, முதலில் கையைக் கொடுங்கள்.

உள்ளே சிரிக்கிறானே, அவனை எனக்கும் நன்றாகத் தெரியும். விட்ட புதிதில் என் செல்போன் அலாரத்துக்கு "நான் வெல்லப் பிறந்தவன்" என்று பெயர் வைத்திருந்தேன். காலை ஐந்தரைக்கு அடிக்கும், திரையில் அந்த வரி மின்னும், அதை அணைக்கப் போகிற விரல் நடுங்கிக்கொண்டே போய் இரண்டு மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டு, அப்புறம்தான் சத்தம் நிற்கும். வெல்லப் பிறந்தவனால் ஒரு அலாரத்தை அணைக்க முடியவில்லை. பத்தாம் நாள் அந்தப் பெயரை அழித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு உங்கள் கோளாறு இல்லை. 2009-இல் கனடாவைச் சேர்ந்த ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை "நான் நேசிக்கத்தக்க ஆள்" என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, அவ்வளவுதான். தன்மேல் மதிப்பு குறைந்தவர்களில், அதைச் சொன்னவர்கள் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வாய் "நான் அப்படி" என்றதும் மனசு "எங்கே, காட்டு" என்று பழைய கணக்கை எடுத்துப் போடும். குடித்தவன் கணக்கில் பக்கங்கள் அதிகம். காப்பாற்றாத வாக்கு, மறந்துபோன பிறந்தநாள், இரவு போட்ட சத்தம், காலையில் ஞாபகமே இல்லாத முகம்.

அதற்காக எல்லாச் சீட்டையும் கிழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. வாசகத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் என்கிறேன். இந்த வழக்கத்தைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் எமில் கூவே, பிரான்சில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1920-களில் அவருடைய வாசகம் உலகம் முழுக்கப் பரவியது: "ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்." இதைக் காலையிலும் இரவிலும் இருபது தடவை சொல்லச் சொன்னார், எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒரு கயிற்றில் இருபது முடிச்சு. கடைசி வார்த்தையைப் பாருங்கள். அவர்கூட "வருகிறேன்" என்றுதான் நிறுத்திக்கொண்டார், "நலமாகிவிட்டேன்" என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் "வருகிறேன்"-ஐ எடுத்துவிட்டு "பெற்றவன்", "ஆனவன்" என்று முடித்து வைத்துவிட்டார்கள்.

உங்கள் கண்ணாடியில் எனக்குப் பயமாக இருப்பது அந்த இரண்டாவது சீட்டு, "முழுமையாக விடுதலை பெற்றவன்". நாளைக்கே ஏதோ ஒரு பலவீனமான நேரத்தில் ஒரு வாய் குடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள் (நடக்கக் கூடாது, ஆனால் பலருக்கு நடக்கிறது). அந்த நிமிடமே அந்த வாசகம் பொய்யாகிவிடும். அப்புறம் "அதான் எல்லாம் போச்சே, மிச்சத்தையும் முடிப்போம்" என்று பாட்டிலைக் காலி பண்ணத் தோன்றும். குடிநோயை ஆராய்ந்த ஆலன் மார்லட் 1980-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவதில் அந்த ஒரு வாய்க்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதைப் பார்த்து நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு. சறுக்கினாலும் மறுநாள் காலையில் கூசாமல் சொல்லக்கூடிய வாசகமாகப் பார்த்து வையுங்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுக்களில் "இன்று ஒரு நாள் மட்டும்" என்பார்கள். எவ்வளவு சின்ன வாசகம்! இரவு படுக்கும்போது உண்மையா பொய்யா என்று சரிபார்த்துவிடலாம். உள்ளே இருப்பவனுக்குச் சிரிக்க இடமே இல்லை.

அப்புறம் இலக்கணம். "குடிக்கக் கூடாது" என்பதில் எங்கேயோ ஒரு வாத்தியார் பிரம்போடு நிற்கிறார். "குடிக்க மாட்டேன்" சபதம், நாம் எத்தனை சபதம் பார்த்தவர்கள். "குடிப்பதில்லை" என்று சொல்லிப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். நான் இன்னார், இது என் வழக்கம், அவ்வளவுதான். 2012-இல் வெளியான ஒரு ஆய்வில், உணவு ஆசையைக் கட்டுப்படுத்த முயன்றவர்களில் "எனக்குக் கூடாது" என்று சொன்னவர்களைவிட "நான் சாப்பிடுவதில்லை" என்று சொன்னவர்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். அது உணவு பற்றியது, குடி இல்லை, ஆனாலும் என் அனுபவம் அதே பக்கம்தான். ஒரு விருந்தில் ஒருவர் கிளாஸை நீட்டியபோது "இன்னைக்கு வேண்டாம், மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். உடனே "என்ன மாத்திரை? எத்தனை நாளைக்கு? ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று பேரம் ஆரம்பித்தது. ஒரு மாதம் கழித்து அதே மனிதரிடம் "நான் குடிக்கிறதில்லை" என்றேன். ஓ என்றார். அடுத்த ஆளிடம் நீட்டப் போய்விட்டார்.

இன்னொன்று, சீட்டு இருக்கும் இடம். காலையில் பல் தேய்க்கும்போது உங்களுக்குக் குடிக்கத் தோன்றுகிறதா? எனக்குச் சாயங்காலம் ஆறு மணி. அந்த நேரத்தில் நான் ரோட்டில் இருப்பேன், வாசகமோ வீட்டில் கண்ணாடியில் இருக்கும். ஆசை எங்கே வருமோ அங்கேதான் சீட்டும் இருக்க வேண்டும், பர்ஸிலோ போன் உறைக்குள்ளோ. அதில் குணம் எதுவும் எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். "ஆறு மணிக்குக் கை துறுதுறுத்தால் தம்பிக்குப் போன் போடுவேன்", "அந்தத் திருப்பம் வந்தால் எதிர்ப்பக்கம் நடப்பேன்". இப்படி "இது வந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். வெறும் தீர்மானத்தைவிட அது நன்றாக நிற்கிறது. ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அதுவரை கைக்கும் காலுக்கும் ஒரு வேலை கொடுத்தால் போதும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தியவர். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் வாசகத்தை நம்பித் திடீரென்று தனியாக நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் மனக்குழப்பமும் பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். நண்பரே, உங்களுக்கும் சொல்கிறேன், வாசகம் நன்றாகப் பிடித்துப்போனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மனைவி விஷயம். உங்களுக்கு முன்னால் பயந்து தூங்காமல் இருந்தவர் அவர்தான். அந்த முப்பது சீட்டும் உங்களுக்காக எழுதியதா, அவருடைய பயத்துக்காக எழுதியதா என்று எனக்கொரு சந்தேகம். இரண்டும் இருக்கும். ஒளித்து வைக்காமல் இந்தச் சிரிப்பைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்று, எதை உங்களால் கூசாமல் சொல்ல முடிகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தேறினாலே அதிகம்.

என் சீட்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது, மடித்த இடத்தில் கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன். "மணி ஆறு. முதலில் எதையாவது சாப்பிடு." பாதி நாள் அது வெறும் பசியாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் மூன்று எது என்று முடிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.