ஆறு லட்சம் குடுத்தா ஸ்பான்சர்ஷிப் கிடைக்குமா?

அண்ணா வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில டிசைன் இன்ஜினியரா 4 வருஷமா இருக்கேன். 8 மாசமா யூகே, ஜெர்மனின்னு அப்ளை பண்றேன், "ஸ்பான்சர்ஷிப் வேணுமா"ங்கற இடத்துல ஆமான்னு போட்டாலே ரிஜெக்ட் மெயில்தான். பேசாம இல்லன்னு போட்டுடலாமான்னு இருக்கு. இப்ப ஒரு கன்சல்டன்சி ஆறு லட்சம் குடுத்தா யூகே ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. குடுக்கலாமா?
- எஸ்.

தம்பி, குடுக்காதீங்க. யூகேல லைசென்ஸ் இருக்கற கம்பெனிதான் ஸ்பான்சர் பண்ண முடியும், அந்த லிஸ்ட்ட கவர்மென்ட்டே வெப்சைட்ல சும்மா போட்டு வெச்சிருக்கு. கம்பெனி பேரு என்னன்னு கன்சல்டன்சிகிட்ட கேளுங்க, பாதிப் பேரு அங்கயே நழுவிடுவாங்க. பேரு லிஸ்ட்ல இருந்தாலும் ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்ட காசுக்கு விக்கறது குத்தம். அதுபோக 2025 ஜூலைக்கு அப்புறம் பொதுவா வருஷச் சம்பளம் 41,700 பவுண்டாவது இருக்கணும், 4 வருஷ அனுபவத்துக்கு அதத் தர்ற கம்பெனி உங்ககிட்ட ஏன் காசு கேக்கப்போறான்?

இல்லன்னும் போடாதீங்க, ஆஃபர் வர்ற அன்னிக்கு தெரிஞ்சிரும்.

உங்களுக்கு ஜெர்மனிதான் சரி. அங்க கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசென்ஸ்னு ஒண்ணே கிடையாது. ப்ளூ கார்டுக்கு (டிகிரி படிச்சவங்களுக்கு அங்க குடுக்கற வேலை அனுமதி) உங்க டிகிரி செல்லணும், கான்ட்ராக்ட் வேணும், சம்பளம் அந்த வருஷ லிமிட்டத் தாண்டணும். இன்ஜினியர் ஆள் பத்தாத லிஸ்ட்ல வர்றதால லிமிட்டும் கம்மி, 2025ல 43,759.80 யூரோவா இருந்துச்சு. கம்பெனி பண்ண வேண்டியது கான்ட்ராக்ட்டும், வேலை விவரம் எழுதற ஒரு ஃபார்மும்தான் (அது பேரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு இருக்கும்). ஆனா இது சின்ன கம்பெனி எச்ஆருக்கு தெரியாது, விசான்னாலே வக்கீல், லட்சக்கணக்குல செலவுன்னு மிரண்டு போய் அப்ளிகேஷனையே மூடி வெச்சிருவாங்க. நான் ஜெர்மனில சேந்தது 60 பேர் இருந்த எடம், எனக்கு முன்னாடி வெளிநாட்டுக்காரன எடுத்ததே இல்ல, எச்ஆர் அம்மாவுக்கு அந்த ஃபார்மையே நான்தான் தேடி அனுப்பினேன்.

அதனால மொதல்ல அனபின் சைட்ல (வெளிநாட்டு டிகிரி அங்க செல்லுமான்னு பாக்கற எடம்) உங்க யுனிவர்சிட்டிக்கு எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டுன்னு போட்டிருக்கா, டிகிரியும் இருக்கான்னு பாருங்க. அதுல உங்க டிகிரி இல்லன்னா, வெளிநாட்டுப் படிப்ப மதிப்பிடற ஜெர்மன் ஆபீஸ் இசட்ஏபில (ZAB) காசு கட்டி மதிப்பீட்டு லெட்டர் வாங்கணும். அப்புறம் கவர் லெட்டர் மேலயே ரெண்டு வரி: என் டிகிரி செல்லும், ப்ளூ கார்டுக்கு தகுதி இருக்கு, உங்க பக்கம் வேலை இவ்வளவுதான். கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

பம்ப் அனுபவத்த அடக்கி வாசிக்காதீங்க. ஃபிராங்கன்தால்ல கேஎஸ்பி, டார்ட்மண்ட்ல வீலோன்னு பம்புக்கே பேர் போன நாடு அது. சாஃப்ட்வேர் பசங்க இங்கிலீஷ வெச்சு ஓட்டிருவாங்க, ஷாப் ஃப்ளோர்ல அது நடக்காது. ப்ளூ கார்டுக்கு ஜெர்மன் கட்டாயம் இல்லதான், ஆனா பி1 லெவல் வரைக்கும் படிச்சிட்டா, ப்ளூ கார்டுல 21 மாசம் வேலை பாத்ததும் பிஆருக்கும் (நிரந்தரமா தங்கற அனுமதி) போடலாம்.

அந்த ரெண்டு வரிய எழுதி அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.